வெயில் கொசுறு

நிலவில் வெயில் ரேஷனில் கிடைத்தது.

தென்துருவக் குன்றின் உச்சியில் ஒரு பெரிய கண்ணாடி. அது வாங்கும் சூரியனை ஒரு குழாய் எண்பது மீட்டர் கீழே இறக்கும். கீழே பாறைக்குடைவுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் குடியிருப்பு. வெயில் வந்து விழும் இடத்துக்கு வெயில் கூடம் என்று பெயர். ஒரு நாளைக்கு நானூற்றிருபது நிமிடம் அது மனிதர்களுக்கு. மிச்ச நேரம் கூடத்துக்கு மேலே மூடியைப் போட்டு, அதே வெயிலைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடுவார்கள்.

விளக்கும் மாத்திரையும் எலும்புக்குப் போதவில்லை என்று தெரிந்த பிறகு கூடத்துக்குப் போவது கட்டாயமாயிற்று. இளவட்டங்களுக்குப் பத்து நிமிடம், நடுவயதுக்காரர்களுக்கு இருபது, அறுபது தாண்டியவர்களுக்கு முப்பது, எலும்பு தேய்ந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஐம்பது. ஆட்களை இருபது அணிகளாகப் பிரித்திருந்தார்கள். அவரவர் சட்டையில் குத்தியிருக்கும் வில்லை, நின்ற நிமிடத்தைக் குறித்துக்கொள்ளும்.

கட்டாயம் என்றாலும் யாரும் சலித்துக்கொண்டு போனதில்லை. ஈரத் தலையோடு போனார்கள். ஊறுகாய் ஜாடியோடு போனார்கள். ஐம்பது நிமிட அணியிலிருக்கும் சின்னத்தாய் என்ற தையல்காரம்மா முந்தானைக்குள் ஒரு தட்டு கூழ் வடகத்தை ஒளித்துக் கொண்டுபோய்க் காயவைத்து எடுத்து வருவாள். உணவுப் பொருளுக்கு அனுமதி இல்லை என்று சுவரில் எழுதியிருந்தது. அந்த வாசகத்துக்கு நேர் கீழேதான் வடகம் நன்றாகக் காயும்.

பொற்கொடிக்கு வயது முப்பத்துநான்கு. குடியிருப்பின் புள்ளிவிவர அலுவலர். அன்று காலை அவள் அலுவலகத்துக்குள் நுழையும்போதே, கூட வேலை பார்க்கும் ஜெயசீலன் எழுந்து நின்றான். அவன் நாகர்கோவில்காரன். சாதாரணமாக எதற்கும் எழுந்து நிற்க மாட்டான்.

"வெயிலப் பிடுங்கிட்டானுவ, கேட்டியா?"

"யாரு?"

"வாரியத்துக்காரனுவதான். கூடத்தைத் தொண்ணூறு நாளைக்கு மூடணுமாம். தோட்டத்து வெயில நாம திருடுதோமாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள வெளக்கம் சொல்லணும். இல்லேன்னா மேல மூடியப் போட்டுருவான்."

பூமியிலிருந்து குடியிருப்பை நடத்தும் வாரியத்தின் உத்தரவில் ஒரு படம் இருந்தது. இந்த வருடத்திலிருந்து வாரியம் மொத்தக் கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஹிஸ்டோகிராம் என்ற தூண்படமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தது. பார்ப்பது மனிதர்கள்கூட இல்லை, ஒரு கணினி நிரல். வில்லைகளின் எண்களை எடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தூண் எழுப்பி, தூண்களின் உயரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதும்.

இருக்க வேண்டிய தூண்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன. இருக்கும் தூண்கள் ஆரஞ்சில். ஆரஞ்சு அத்தனையும் ஒரு படி வலப்பக்கம் நகர்ந்திருந்தது. பத்து நிமிடக்காரர்கள் நூற்றெழுபது பேர் இருக்க வேண்டிய முதல் தூணில் ஆறு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் இரண்டாவது தூணில்.

பொற்கொடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம யாரும் இருபது நிமிஷம் நிக்கலியே," என்றான் ஜெயசீலன். "நான் என் பத்து நிமிஷந்தான் நிக்கேன். அப்புறம் எப்படி பத்துலேருந்து இருபதுக்குள்ள போனேன்?"

"கோடு எங்க விழுதுன்னு பாருங்க. சரியா பத்து நின்னா முதல் தூண். பத்தைத் தாண்டி ஒரு நிமிஷம் போனாலும் அடுத்த தூண். பதினொண்ணும் அங்கதான், இருபதும் அங்கதான். தூணுக்கு வித்தியாசம் தெரியாது." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நம்மள்ல யாரு சரியா பத்து நிமிஷம் நிக்கறது?"

ஜெயசீலன் கூடம் இருக்கும் திசையைப் பார்த்தான்.

"அண்ணாச்சி," என்றான்.

"அண்ணாச்சிதான்."

கூடத்தின் கதவுக்காவலர் வேதமுத்துவை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. கோவில்பட்டிச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்த குடும்பம். மணி அடித்ததும் அவர் குரல் கதவைத் தாண்டிக் கேட்கும். "நேரம் முடிஞ்சாச்சு! எல்லாரும் அப்படியே நில்லுங்க, கொசுறு ஒரு நிமிஷம்!" அந்த ஒரு நிமிடத்துக்காகவே பலர் கூடத்துக்குப் போனார்கள். அளந்து தந்த இருபது நிமிடத்தில் மணியை நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கொசுறு நிமிடத்தில் எதையும் நினைக்க வேண்டியதில்லை. பாடுகிறவர்கள் பாடுவார்கள். போன வாரம் அந்த ஒரு நிமிடத்துக்குள் ஒருவன் தன் காதலியிடம் சம்மதம் வாங்கிவிட்டான்.

பதினொன்று, இருபத்தொன்று, முப்பத்தொன்று, ஐம்பத்தொன்று. நானூறு பேரும் கோட்டுக்கு ஒரு நிமிடம் அந்தப் பக்கம் நின்றார்கள். நிரலுக்குக் கொத்தமல்லி வாங்கிப் பழக்கமில்லை.

"இதைச் சொன்னா அண்ணாச்சியக் கீழ பூமிக்கு அனுப்பிருவானுவ," என்றான் ஜெயசீலன். "சொல்லலேன்னா வெயில் போயிரும். நல்லாருக்கு."

பொற்கொடி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஆர் என்ற நிரல்மொழியைத் திறந்தாள். நூறு வயதைத் தாண்டியும் ஓய்வு பெறாத மொழி அது. நிலவிலும் அதை விட்டால் வேறு வழியில்லை. தணிக்கை நாளின் எண்களை ஏற்றினாள்.

"நீ என்ன செய்யப்போறா?"

"கோட்டை ஒரு நிமிஷம் தள்ளிப் போடப்போறேன். பத்து, இருபது, முப்பதுக்குப் பதிலா பதினொண்ணு, இருபத்தொண்ணு, முப்பத்தொண்ணு. எல்லாரும் பழையபடி அவங்கவங்க தூணுக்குப் போயிடுவாங்க. படம் வாரியம் கேட்ட மாதிரியே நிக்கும்."

"அது பொய்யில்லியா?"

"எண் ஒண்ணும் மாறாது. கோடு போடறது வரையறவங்க இஷ்டம். அவங்க இஷ்டத்துக்கு அவங்க போட்டாங்க, என் இஷ்டத்துக்கு நான் போடறேன்."

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

தூண்களுக்கு நிறம் கொடுத்தாள். இலைப்பச்சை. ஓரத்துக்கு வெள்ளைக் கோடு. கீழே 'வெயிலில் நின்ற நிமிடங்கள்', பக்கவாட்டில் 'நபர்கள்'. தலைப்பு வைத்தாள். எல்லைகளை ஒன்றில் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏற்றினாள். ஒன்று, பதினொன்று, இருபத்தொன்று. பொத்தானை அழுத்தினாள்.

படம் வரவில்லை. சிவப்பில் ஒரு வரி வந்தது.

'சில எண்கள் எண்ணப்படவில்லை. நீங்கள் தந்த எல்லைகளுக்குள் எல்லா எண்களும் அடங்கவில்லை போலிருக்கிறது.'

"என்னவாம்?" என்றான் ஜெயசீலன்.

"யாரையோ விட்டுட்டேனாம். ஒண்ணுக்குக் கீழ யாரோ இருக்காங்க."

"ஒண்ணுக்குக் கீழன்னா?"

"பூஜ்ஜியம்."

"அது எப்படி? போகாம இருக்கக் கூடாதுல்லா. டாக்டரு விட மாட்டாரே."

"டாக்டருக்கும் தூண்தான் போகுது. பூஜ்ஜியம் முதல் பத்து வரை ஆறு பேர்னு. அஞ்சு பேர் தலைசுத்தி நடுவுல வெளிய வந்தவங்க. ஆறாவது ஆள் வெயிலையே பார்க்கலை. தூணுக்குள்ள போயிட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

எண்களுக்குள் அந்தப் பூஜ்ஜியம் இருந்த வரியை அவள் தேடி எடுத்தாள். வில்லை எண் நாற்பத்தேழு. முந்தின நாளைப் பார்த்தாள், பூஜ்ஜியம். முந்தின மாதம், பூஜ்ஜியம். இரண்டு வருடம் ஏழு மாதம் பின்னோக்கிப் போனாள். பிறகு பெயரைப் பார்த்தாள்.

வேதமுத்து.

ஜெயசீலனின் குரல் இறங்கியிருந்தது. "கடைசி இருபது நிமிஷம் அவருக்குள்ளது. கதவைப் பிடிக்க ஆபீஸ்லேருந்து மாத்து ஆள் போகணும். பாதி நாளு நாந்தான் போவேன். போனா மேல மூடி மூடியிருக்கும். 'நான் நின்னாச்சுடே, நீ போயி சோலியப் பாரு'ன்னு சிரிப்பாரு. நானும் திரும்பி வந்துருவேன்."

"இருபது அணி," என்றாள் பொற்கொடி. "அணிக்கு ஒரு நிமிஷம் கொசுறு."

அதற்கு மேல் கணக்குப் போட எதுவும் இல்லை.

"அந்த ஒரு வரிய மட்டும் நீக்கிட்டா படம் வந்துரும்லா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வந்துரும்."

அவள் விரல் அந்த வரியின் மேல் நின்றது. ஒரு பொத்தான். வெயில் தங்கும், அண்ணாச்சியும் தங்குவார், நானூற்றுப் பதினொரு பேர் பச்சைத் தூண்களில் அழகாக நிற்பார்கள். அவள் கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கூடத்துக்கு வெளியே காவலறை. அங்கே எப்போதும் மங்கலான நீல விளக்குதான். உள்ளே ஆள் இருக்கும்வரை வெளியே ஒருவர் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் கூடத்துக்கு மேலே மூடி விழுந்துவிடும், பாதுகாப்புக்காக. வேதமுத்து வலது கையால் அழுத்திக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டில் கட்டு.

"வா தாயி, உன் அணிக்கு இன்னும் நேரமிருக்கே. வெயில்ன்னா அம்புட்டு ஆசையா?"

"அண்ணாச்சி, அந்தக் கை எப்படி உடைஞ்சுது?"

"வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன்ல?"

"நிலவுல வழுக்கினா இறகு மாதிரி இறங்குவோம். நேத்துப் பிறந்த குழந்தைக்குக்கூட அடிபடாது. நீங்க எப்படி உடைச்சீங்க?"

அவர் உள்ளே நிற்பவர்களைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னத்தாய் வடகத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"இரண்டரை வருஷம், அண்ணாச்சி."

"வேற எங்கேருந்து எடுக்கச் சொல்ற? சூரியனைப் பிடிச்சு இழுத்து நீட்டவா முடியும்? எங்கிட்ட இருந்தது இருபது நிமிஷம். அதைக் கிள்ளிக் கிள்ளிக் குடுத்தேன்." அவர் சிரித்தார். "எங்க அப்பாரு கடைல, அரைக் கிலோ தக்காளி வாங்குறவன் கூடையில ரெண்டு இணுக்கு கறிவேப்பிலை போடாம அனுப்புனதில்ல. இல்லேன்னா மனுசன் முகமே விழுந்துரும் தாயி. இங்க வந்த புதுசுல மணி அடிச்சதும் உள்ள இருந்து வெளிய வர்ற மூஞ்சியப் பார்த்தேன். எளவு வீட்டுலேருந்து வர்ற மாதிரி. அதான்."

"உங்க எலும்பு?"

"மாத்திரை திங்கேன்ல."

"மாத்திரை போதாதுன்னுதான் இந்தக் கூடமே கட்டினாங்க."

உத்தரவைப் பற்றிச் சொன்னாள். கேட்டதும் அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"என் ஒருத்தனுக்காக எல்லாருக்கும் வெயில் போகுமா? அழிச்சிரு. நாற்பத்தேழுன்னு ஒரு ஆளே இல்லேன்னு போட்டுரு."

"அழிக்க மாட்டேன்."

"பொற்கொடி..."

"நான் ஆறு மாசமா டாக்டருக்கு இந்தப் படத்தை வரையறேன். முதல் தூண்ல ஆறு பேர்னு நானே எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். யாருன்னு ஒரு நாளும் பார்க்கலை. தினமும் வந்து கொசுறு வாங்கிட்டுப் போனதும் நான்தான். இன்னொரு தரம் உங்களை விட்டுட்டு வரைய மாட்டேன்."

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் படம் போயிற்று. பத்து நிமிடத்துக்கு ஒரு தூண் இல்லை, ஒரு நிமிடத்துக்கு ஒன்று. அறுபது தூணுக்கான இடத்தில் அங்கங்கே நெட்டையாக நான்கு தூண், தலைசுற்றி வெளியே வந்தவர்களுக்குச் சின்னச் சின்னதாகச் சில. இடது ஓரத்தில், பூஜ்ஜியத்தின் மேல், ஓர் ஆள் உயரத்துக்குச் சிவப்பாக ஒன்று.

பத்து மணிக்கு வாரியத்தின் தணிக்கை அலுவலர் பத்மாசினி திரையில் வந்தார். நரைத்த கிராப்பு, கழுத்தில் மூக்குக்கண்ணாடி. கேள்வி போய்ப் பதில் வர மூன்று நொடி ஆகும். அந்த மூன்று நொடியை ஜெயசீலன் ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணினான்.

"இது ஒரு நிமிஷம்தான் அதிகம், பத்து இல்லைன்னு சொல்றீங்க."

"ஆமா மேடம்."

"அந்த ஒரு நிமிஷம் எங்கேருந்து வந்துது? தோட்டத்துலேருந்தா?"

"இல்ல மேடம். மேல மூடி திறந்திருந்தது நானூத்தியிருபது நிமிஷம். நீங்க அனுமதிச்சதும் அதேதான். சிவப்புத் தூணைப் பாருங்க. அவர் தன் பங்கை மத்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்திருக்கார்."

மூன்று நொடி. பத்மாசினி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். திரைக்கு அருகில் வந்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் ஏழு மாசம்."

"அவருக்குப் பைத்தியமா?"

"கோவில்பட்டி, மேடம்."

பூமியில் ஏதோ சத்தம் கேட்டது. இருமலாகவும் இருக்கலாம்.

"சரி, கேளுங்க," என்றார் பத்மாசினி. "திருட்டு இல்லை. உத்தரவை நிறுத்தி வைக்கறேன். உங்க ஒரு நிமிஷப் படத்தையே இனிமே வெச்சுக்கலாம். ஆனா அந்தச் சிவப்பு எனக்கு வேண்டாம். இன்னிக்குச் சாயங்காலம் புதுப் படம் வரணும். அவர் பேருக்கு நேரா இருபது இருக்கணும். இல்லைன்னா அடுத்த கப்பல்ல அவரைக் கீழே இறக்கிடுவேன். தண்டனையா இல்லை, சிகிச்சைக்கு. புரியுதா?"

புரிந்தது. அவர் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டால் ஊருக்குக் கொசுறு இல்லை. கொசுறு இருந்தால் ஊரில் அவர் இல்லை.

செய்தி பொற்கொடிக்கு முன்னால் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று கூடம் பத்தரைக்குத்தான் திறந்தது. அதற்குள் வாசலில் மூன்று அணிக்கான கூட்டம்.

"எனக்குக் கொசுறு வேண்டாம் அண்ணாச்சி, நீங்க நில்லுங்க!"

"எனக்கும் வேண்டாம்!"

"இம்புட்டு நாளா எங்களுக்குச் சொல்லாம... நல்லா இருப்பீங்களா நீங்க?"

வேதமுத்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். "கொசுறு குடுக்காம நான் யாவாரம் பண்ண மாட்டேன். கப்பல்ல ஏத்தி அனுப்புறதா இருந்தா அனுப்பட்டும்."

"உங்க கையைப் பாருங்க அண்ணாச்சி," என்றாள் பொற்கொடி. "அடுத்து முதுகெலும்பு."

"முதுகெலும்பு உள்ளவன்தான் இப்படிப் பேசுவான்."

உள்ளே முதல் அணியின் பத்து நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சண்டை ஏறிக்கொண்டே போனது. வரிசையின் நடுவிலிருந்து சின்னத்தாய் இடுப்பில் தட்டோடு முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க ஏன் கொசுறு நிமிஷத்துல உள்ள போகக் கூடாது?"

"கைப்பிடிய யாரு பிடிக்கிறது? வெளிய ஒரு ஆள் அழுத்திக்கிட்டே நிக்கணும். விதி."

"ஒரு ஆளுன்னுதான விதி? உங்க பேரா எழுதியிருக்கு?"

வேதமுத்து சுவரைப் பார்த்தார். ஊரே சுவரைப் பார்த்தது. 'ஒரு நபர்' என்றுதான் எழுதியிருந்தது.

"வெயிலு என்ன தக்காளியா, நீங்க எடுத்தா எங்களுக்குக் குறைய?" சின்னத்தாய் தட்டைப் பொற்கொடியின் கையில் திணித்தாள். "நாலு பேரு நின்னாலும் அஞ்சாவது ஆள் மேலயும் அதே வெயிலுதான் விழும். அடுத்த அணி எப்பவும் வெளிய சும்மாதான நிக்குது, அந்த ஒரு நிமிஷம் நாங்க பிடிக்கோம். தள்ளுங்க."

பொற்கொடி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். அணிக்கு ஒரு நிமிடம், இருபது அணி. புள்ளிவிவரத்தில் முதுகலை படித்தவள். இது தோன்றவில்லை.

மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சாச்சு!" என்று பழக்கத்தில் குரல் எடுத்தார் வேதமுத்து. அதற்குள் சின்னத்தாய் கைப்பிடியை அழுத்திவிட்டாள். ஜெயசீலன் பின்னாலிருந்து அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினான். "உள்ள போங்க அண்ணாச்சி. இந்தத் தடவ நான் போக மாட்டேன், பாத்துக்கிட்டே நிப்பேன்."

கதவு திறந்தது. இருபது இளவட்டங்கள் விலகி நடுவில் இடம் விட்டார்கள்.

அவர் உள்ளே போய் நின்றார். இரண்டரை வருடம் நீல விளக்கில் வெளிறிய முகம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலில் கட்டினார், பிறகு தொங்கவிட்டார். கட்டுப் போட்ட கையை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டினார், யாரோ எதையோ தரப்போவது மாதிரி.

"என்னடே இது," என்றார். "இப்படிச் சுடுது!"

உள்ளே சிரித்தார்கள். வெளியே சிரித்தார்கள். சின்னத்தாய் சிரித்த சிரிப்பில் கைப்பிடி நழுவப் பார்த்தது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கை வைத்து அழுத்தினார்கள்.

அன்று அவர் இருபது முறை உள்ளே போனார். ஐந்தாவது முறை பாடினார். சகிக்கவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பன்னிரண்டாவது முறை, மேலே எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டி, வடகத்தை எடுக்கச் சொல்லிச் சின்னத்தாயை அதட்டினார். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, உப்பு கொஞ்சம் கூடுதல் என்றார். துண்டு துண்டாக நின்றாலும் எலும்பு கண்டுகொள்ளாது என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் பொற்கொடி படத்தை வரைந்தாள். எல்லைகளைப் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்கினாள். சிவப்பு வரி வரவில்லை. எல்லோரும் எண்ணப்பட்டிருந்தார்கள். அனுப்பினாள்.

சிறிது நேரத்தில் பத்மாசினி திரையில் வந்தார். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் தோளில் பை.

"பூஜ்ஜியத்துல யாரும் இல்லை. சந்தோஷம். ஆனா எல்லாம் பதினொண்ணு, இருபத்தொண்ணுனு கும்பலா நிக்குது. சரியா இருபதுல மட்டும் ஒத்தையா ஒரு குச்சி நிக்குதே, அது யாரு?"

"அதுதான் வேதமுத்து, மேடம்," என்றாள் பொற்கொடி. "நானூத்திப் பன்னிரண்டு பேர்ல வாரியம் குடுத்த அளவுக்குச் சரியா நின்ன ஒரே ஆள்."

சிரிப்பு வந்து சேர மூன்று நொடி ஆயிற்று.